எதிர் நாற்காலி

சங்கத்து மாடியில் கிடந்த அந்தப் பிரம்பு நாற்காலியை முதன்முதலில் பார்த்தபோது, யாரோ அவசரத்தில் அதைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அறையிலிருந்த பெஞ்சுகளும் நாற்காலிகளும் மேற்கே, எருசலேம் இருக்கும் திசையைப் பார்த்து வரிசையாக நிற்க, இது ஒன்று மட்டும் அவற்றுக்கு நேர் எதிராக, ராயபுரத்துக் கடலைப் பார்த்தபடி நின்றது. ரயில்வே ஏலத்தில் எடுத்த பழைய சாமான். கைப்பிடி இரண்டும் எத்தனையோ பேருடைய உள்ளங்கை வியர்வை ஏறிக் கறுத்துப் பளபளத்தன. எனக்கோ எதையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாத வயது. சட்டென்று போய் அதைத் தூக்கி வரிசையோடு வரிசையாக வைத்தேன். பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. "அத்தத் தொடாத தம்பி. அது நேராத்தான் கீது. நாங்கதான் கோணலா உக்காருவோம்" என்றார் செயலாளரம்மா.

எங்கள் பேட்டையிலிருந்த யூதர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். மாடியில் சங்கம், கீழே அவருடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். நான் படிப்பை முடித்துத் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் குமாஸ்தாவாக ஒட்டிக்கொண்ட புதிது. டைப்பிங்கில் ஹையர் பாஸ் பண்ணினால் சம்பளம் ஏறும் என்று ஆசை காட்டியிருந்தார்கள். அதனால் அவரிடம் சேர்ந்தேன். சனிக்கிழமை கதவு திறக்காது, ஞாயிற்றுக்கிழமை மிஷின்கள் எல்லாம் முழங்கும். ஞாயிறு காலைப் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு நேரே வந்து டைப் அடிக்கும் கிறிஸ்தவப் பையன்களை அந்தத் தெருவில்தான் பார்க்கலாம். பேட்டை முழுக்க அவர் 'டீச்சர்'தான். அவருடைய ஆட்களைச் 'சனிக்கிழமைக்காரங்க' என்பார்கள். கேலியில்லை, அடையாளம். மீன்கூடை சுமந்து வரும் பெண்களுக்குக்கூட அவர்கள் வழக்கம் அத்துப்படி. இறாலும் நண்டும் இருக்கும் கூடையை அந்த வாசல்களில் இறக்கவே மாட்டார்கள். செதில் உள்ள மீன் இருந்தால் மட்டும் "டீச்சரே, உன்னுது வந்துகீது" என்று குரல் கொடுப்பார்கள்.

தாத்தா காலத்தில் கொங்கணக் கரையிலிருந்து ரயில்வே உத்தியோகத்தோடு வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் அவை. வீட்டுக்குள் மராத்தி, வாசலைத் தாண்டினால் நம் ராயபுரத்துத் தமிழ். மொத்தமாகக் கூட்டினாலும் ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம். சனிக்கிழமைப் பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் இருந்தாக வேண்டும். ஒருவர் ஜுரத்தில் படுத்தால் மற்றவர்கள் ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பெரம்பூர்ப் பக்கத்திலிருந்து யாராவது நடந்து வருகிறார்களா என்று. இவ்வளவு சின்னக் கூட்டம் எப்படி ஒரு சங்கமாக நின்றது, நின்றதோடு இல்லாமல் எப்படி ஒரு பேட்டையே அதன் வார்த்தைக்குக் காத்திருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிரும். நான் அந்தச் சமூகத்தவன் இல்லை. ஆனாலும் அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. எங்கள் ராயபுரத்துச் சங்கம் அல்லவா!

நாற்காலிக்கு வருகிறேன். யூதர்களின் பழைய நியாய சபையில் ஒரு வழக்கம் இருந்ததாம். மரண தண்டனை வழக்கில் நீதிபதிகள் அத்தனை பேரும் ஒரே குரலில் குற்றவாளி என்று சொல்லிவிட்டால், அந்த ஆளைத் தண்டிக்கக் கூடாதாம். அவன் பக்கம் நின்று யோசிக்க ஓர் ஆள்கூட இல்லாத சபை சரியாக யோசித்திருக்காது என்று அர்த்தம். சங்கத்தை ஆரம்பித்த ரயில்வேக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டு, தங்கள் பாணியில் ஒரு விதியாக்கிவிட்டார்கள். கூட்டத்தில் எல்லாரும் ஒரேயடியாக 'சரி' என்றால் அந்தத் தீர்மானம் செல்லாது. யார் அதிகமாகக் கத்தி ஆதரித்தாரோ அவரே எழுந்துபோய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, மனசார மறுபக்கம் பேச வேண்டும். அதன் பிறகும் எல்லாரும் அதே முடிவில் நின்றால் சரி, போகட்டும். சுவருக்கு வெள்ளையடிப்பது, விதவைக்கு அரிசி அனுப்புவது என்று எல்லாவற்றுக்கும் இந்த நாடகம் நடக்கும். வெள்ளையடிக்கவே வேண்டாம் என்று ஒரு முழு மாலை வாதாடி, கடைசியில் தன்னையே நம்பவைத்துவிட்ட ஒரு பார்சல் ஆபீஸ்காரர் இருந்தார். அந்த வருஷம் சுவர் அழுக்காகவே இருந்தது.

அப்போது எங்கள் வட்டத்தில் ஒரு நலக்குழு இருந்தது. சுதந்திரம் வந்த புதிது. எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாம் என்ற வேகம் எல்லாருக்கும். கோயில், சர்ச், ஜமாத், மீனவர் பஞ்சாயத்து, யூதர் சங்கம் என்று ஒவ்வோர் அமைப்பும் ஓர் ஆளை அனுப்பும். ரேஷன் கடை, குழாய், பள்ளிக்கூடக் கூரை எல்லாம் அதில்தான் பேசப்படும். நாடு பிரிந்த சமயத்தில் வதந்திகள் பறந்தபோது, கோயில் தெருவும் பாய்மார் தெருவும் சந்திக்கும் முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் சனிக்கிழமைக்காரர்கள்தான். இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கத்துக்கும், அந்தப் பக்கத்துப் பாலை இந்தப் பக்கத்துக்கும் கொண்டுபோனவர்கள். "எங்க கிட்ட ஓட்டு இல்ல, கூட்டம் இல்ல, கொடி இல்ல. எங்கள எதுக்கு சந்தேகப்படுவாங்க?" என்பார் செயலாளரம்மா. குழுவில் அவர் சங்கத்தின் பிரதிநிதி. படிப்பகத்தின் சார்பில் நான் கூட்டக் குறிப்பு எழுதுகிறவன். எனக்கு ஓட்டு கிடையாது, வாய் மட்டும் உண்டு.

அந்த வருஷம் ஐப்பசி மழையோடு வாந்திபேதியும் வந்தது. காலையில் கோலி விளையாடிய பிள்ளை மறுநாள் இல்லை. கால்வாய்க் கரையை ஒட்டிய தெருக்களில்தான் முதலில் பிடித்தது. அங்கேதான் வடக்கேயிருந்து சவுக்குக் கட்டையும் உப்பும் ஏற்றிவரும் படகுகள் கட்டிக் கிடக்கும். நெல்லூர்ப் பக்கத்துக் குடும்பங்கள். படகுதான் அவர்களுக்கு வீடு. சமையல், பிரசவம் எல்லாம் அதிலேதான். நோயைக் கொண்டுவந்தது படகுக்காரர்கள் என்று யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. இரண்டு நாளில் அது எல்லாருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. வட்டத்து அமைப்புகள் எல்லாம் சேர்ந்து கையெழுத்திட்டு ஒரு மனுக் கொடுத்தால், கயிற்றை அவிழ்த்துப் படகுகளை எண்ணூருக்கு அப்பால் விரட்டிவிட ஏற்பாடு செய்கிறேன் என்று கவுன்சிலர் சொல்லியனுப்பினார்.

படிப்பகத்தில் குழு கூடியது. சர்ச் சார்பில் வருகிறவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்; சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் கிரேன் மாமா. சும்மா பேசினாலே கப்பல் தளத்துக்குக் கேட்கும் குரல். அன்று அவர் தங்கையின் குழந்தையை அடக்கம் பண்ணிவிட்டு நேரே வந்திருந்தார். "ஒரு பொழுது தங்கக் கூடாது அவனுங்க. கயித்த நானே அறுக்கறேன். கலீஜ் பசங்க, நம்ம காவாய நாறடிச்சிக்கினு கீறானுங்க!" என்று மேஜையைக் குத்தினார். யாரும் மறுக்கவில்லை. கோயில் தர்மகர்த்தா கை தூக்கினார். அரிசி மண்டிக்காரர், வார்த்தையை எடை போட்டுப் பேசுகிறவர். ஜமாத் சார்பில் வந்த தோல் மண்டி பாய் தூக்கினார். மீனவர் பஞ்சாயத்துப் பெரியவர் தயங்கித் தூக்கினார். எல்லாரும் செயலாளரம்மாவைப் பார்த்தார்கள்.

அவரும் கையைத் தூக்கினார். தூக்கிய கையைத் தானே அண்ணாந்து பார்த்தார். "எல்லாரும் ஒத்துகினோமா? அப்ப இது செல்லாது" என்றார்.

"இன்னா டீச்சர், எழவு வூட்ல வந்து வெளையாடிகினு கீற?" என்று எழுந்தே விட்டார் கிரேன் மாமா.

"வெளையாடல அண்ணே. அம்பது, நூறு வூட்ட தண்ணில தள்ளப் போறோம். அவங்களுக்காக ஒரு வார்த்த பேச இங்க ஆளே இல்ல. எங்க சங்கத்து நாற்காலிய அனுப்பறேன். உங்கள்ல ஒருத்தர் அதுல உக்காந்து அவங்க பக்கம் பேசட்டும். அதுக்கப்பறமும் தொரத்தணும்னு பட்டா நானே கையெழுத்துப் போடறேன். மனுவ நானே டைப் அடிச்சித் தரேன், காசு வேணாம்."

"யாரு பேசறது?" என்று கேட்டார் தர்மகர்த்தா.

"எங்க வழக்கத்துல, யாரு கொரலு ஒசந்துச்சோ அவரு."

அறை கிரேன் மாமாவைத் திரும்பிப் பார்த்தது. அவர் முகம் செங்கல் மாதிரி சிவந்துவிட்டது. "புள்ளையப் பொதச்ச மண்ணு கையில கீது. நா போயி அவனுங்களுக்கு வக்கீலா?"

"ஆமா அண்ணே. நீங்க பேசினாத்தான் நாங்க நம்புவோம். வேற எவன் பேசினாலும் அது வெறும் வாயி" என்றார் செயலாளரம்மா. குரலில் கண்டிப்பு இல்லை. கெஞ்சலும் இல்லை. எனக்கு ஞாபகமிருக்கிறது, வெளியே மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் பாய்தான் தாடியைத் தடவிக்கொண்டு, "போய்ப் பாருமே. பாத்துட்டு வந்து திட்டும், யாரு வேணாங்கறா?" என்றார்.

மறுநாள் ஷிப்டு முடிந்ததும் மாமா என்னைத் தேடி ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார். "வா நைனா. அந்தப் பேஜார முடிச்சிட்டு வரலாம். நீ எழுதிக்கோ, நா திட்டறேன்." கால்வாய் கரை தெரியாமல் பெருகி ஓடிக்கொண்டிருந்தது. படகுகள் ஒன்றோடொன்று கட்டப்பட்டு, தண்ணீரின் இழுப்புக்கு முனகிக்கொண்டிருந்தன. துறைமுகத்துக் கூலிகளோடு பழகியதில் மாமாவுக்குத் தெலுங்கு கொஞ்சம் வரும். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே முதல் படகிலிருந்த ஒரு பெண் தமிழிலும் தெலுங்கிலும் கலந்து ஏச ஆரம்பித்துவிட்டாள். "ஏன் வந்தே? மா பில்லவாடு போயிட்டான், இன்னும் இன்னா ஓணும்? உங்க ஊரு தண்ணி குடிச்ச பொறவுதான போனான்!" நோயைக் கொடுத்தது நம் ஊர்தான் என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நம் ஊரில் அவர்கள்தான் என்று தெரிந்திருந்த மாதிரியே.

மாமா மெதுவாகத் தன் தங்கை குழந்தையைப் பற்றிச் சொன்னார். என்ன வயசு என்று அவள் கேட்டாள். இவர் சொன்னார். அவள் தன் பையன் வயசைச் சொன்னாள். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் பென்சிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பிறகு மாமா படகில் ஏறிக் கயிறுகளை இழுத்துப் பார்த்தார், மூங்கில் கழியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். பாரம் தூக்கியே பழகிய மனிதர். "இந்த வெள்ளத்துல அவுத்தா எது வரைக்கும் போவீங்க?" என்று கேட்டார். பதில் அவள் சொல்லவில்லை. வடக்கே எண்ணூர் முகத்துவாரம் இருக்கும் பக்கம் கையைக் காட்டி, கையைக் கவிழ்த்துக் காட்டினாள். மழை வெள்ளம் கடலுக்குள் பாயும் இடம் அது. பொங்கல் தாண்டித் தண்ணீர் அடங்குகிற வரைக்கும் எந்தப் படகும் அந்த இடத்தைத் தாண்டாது. நாங்கள் எழுதவிருந்த மனு, அவர்களை ஊரை விட்டு அனுப்புகிற மனு அல்ல என்பது எங்கள் இருவருக்கும் அங்கே நின்றபோதுதான் உறைத்தது. திரும்பும் வழியெல்லாம் மாமா நின்று நின்று கால்வாயின் ஓட்டத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

இதற்குள் பேட்டையில் பேச்சு வேறு விதமாகப் போய்விட்டது. சனிக்கிழமைக்காரி படகுக்காரனுக்குப் பரிந்து பேசுகிறாள், என்ன வாங்கினாளோ என்று டீக்கடையில் சொன்னார்கள். இன்ஸ்டிடியூட்டுக்கு வருகிற பையன்கள் பாதியாகக் குறைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் கீழே டைப் அடித்துக்கொண்டிருந்தபோது மேலே சங்கத்துக் கூட்டம். மரத்தளம், மேலே தும்மினால் கீழே கேட்கும். நானும் மிஷினை நிறுத்திவிட்டேன். தலைவர் பேசிக்கொண்டிருந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற முதியவர். "ஊரு ஒரு பக்கம் நிக்கும்போது நாம தனியா நிக்கக் கூடாதும்மா. எந்த ஊர்லயும் மொதக் கல்லு நம்ம ஜன்னலுக்குத்தான் வரும். எங்கப்பா சொல்லிக் கேட்டுகிறேன், நானும் சொல்றேன். கையெழுத்துப் போட்டுடு. நம்ம பேரு கடைசில இருக்கட்டும், கண்ணுக்குத் தெரியாம இருக்கட்டும். இன்னா சொல்றீங்க எல்லாரும்?" சரி, சரி என்று குரல்கள். மாற்றுக் குரல் ஒன்றுகூட இல்லை. செயலாளரம்மா ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டது கேட்டது.

அவர் இறங்கி வந்து என் பக்கத்து மிஷினின் உறையை எடுத்து மாட்டினார், பிறகு கழற்றினார், மறுபடி மாட்டினார். நான் சும்மா இருப்பேனா? "கையெழுத்துப் போட்டுடுவீங்களா?" என்று கேட்டேன். "நா சங்கத்தோட ஆளு தம்பி. என் ஆளு நான் இல்ல" என்றார். அந்தப் பதிலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால் புரிகிறது. அந்தச் சங்கம்தான் அவருடைய உறவு, அவருடைய கல்யாணம் சாவு எல்லாம். அதை மீறினால் அவருக்குப் போக வேறு வீடு இல்லை. கையெழுத்துப் போட்டாலோ, அந்தப் படகுகள்.

இரண்டாவது கூட்டத்தன்று படிப்பகத்தில் நிற்க இடமில்லை. சங்கத்து நாற்காலி நடுவில் எல்லாரையும் எதிர்த்துப் போடப்பட்டிருந்தது. மூன்று நாளாக அங்கேதான் கிடந்தது. கடைசி வரிசையில் சங்கத் தலைவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் செயலாளர் சங்கம் சொன்னபடி செய்கிறாரா என்று பார்க்க வந்திருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். கிரேன் மாமா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிரம்பு கிறீச்சிட்டது. யாரோ சிரித்தார்கள்.

"நா சொல்லல. நாற்காலி சொல்து, கேட்டுக்கோங்க" என்று ஆரம்பித்தார். "இவனுங்களத் தூக்கிக் கடல்ல போடணும்னு சொன்னவன் நானு. அந்த ஆளு செத்துப் பூடல. தோ, அங்க என் எடத்துலயே உக்காந்துகினு கீறான். ஆனா இங்க உக்காந்தா வேற தெரிது. நம்மளால நோவு வந்துச்சின்னு அவன் சொல்றான். அவனால வந்துச்சின்னு நாம சொல்றோம். யாரு சொல்றது நெசம்னு எனுக்குத் தெரியாது. ஒண்ணு தெரியும். இன்னிக்கி அவுத்து வுட்டா எண்ணூரு முகத்துல ஒரு படகு தாண்டாது. என் தங்கச்சி புள்ளைக்கி பதிலா எத்தினி புள்ளைய வாங்கப் போறோம்? சொல்லுங்க, நா எறங்கிக்கறேன்."

தர்மகர்த்தாதான் பேசினார். "மனசு எனக்கும் கீது. ஆனா என் தெருவுல இன்னும் நாலு புள்ள போச்சின்னா யாரு பதில் சொல்றது? இந்த நாற்காலியா? நான் என் தெருவுக்குத்தான் காவலு. தொரத்தணும்னுதான் சொல்வேன்." அதிலும் நியாயம் இருந்தது, கேட்டவர்கள் தலையாட்டினார்கள். தோல் மண்டி பாய் கண்ணை மூடிக்கொண்டு, தன் ஜமாத்தும் அதைத்தான் சொல்லியனுப்பியிருக்கிறது என்றார். மீனவர் பஞ்சாயத்துப் பெரியவர், "முகத்துவாரத்துல இப்ப நான் என் கட்டுமரத்தையே எறக்க மாட்டேன். நமக்கு வேணாம் அந்தப் பாவம்" என்றார். மாமா நாற்காலியிலிருந்து எழுந்து தன் இடத்துக்குப் போய், அங்கேயும் அதையே சொன்னார். இரண்டுக்கு இரண்டு. மிச்சம் செயலாளரம்மா.

அவர் எழுந்தார். "எங்க சங்கம் ஒரு முடிவு சொல்லி அனுப்பிகீது. தொரத்தணும்னு. எல்லாரும் ஒரே கொரல்ல சொன்னாங்க."

"அப்பறம் இன்னா? போடுங்க" என்றார் தர்மகர்த்தா.

"ஒரே கொரல்ல சொன்னாங்க" என்று அவர் மறுபடியும் சொன்னார். இப்போது கடைசி வரிசையைப் பார்த்துத்தான் பேசினார். "அன்னிக்கி எதிர்ல உக்காந்து பேச ஆளு இல்ல. ஏன்னா நாற்காலி மேல இல்ல, இங்க கீது. நாமளே ஊருக்குக் கடன் குடுத்துட்டு, நாமளே மறந்துட்டோம் தலைவரே. நம்ம வழக்கப்படி அந்த முடிவு செல்லாது. செல்லும்னு நீங்க இப்ப சொல்லுங்க, நான் கையெழுத்துப் போட்டுட்டு, செயலாளர் வேலையையும் உங்க கையில குடுத்துடறேன்."

அறை முழுக்கத் திரும்பியது. அவ்வளவு பேர் தன்னைப் பார்ப்பதற்குத்தானே அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் பயந்து வந்தார்! குடையை ஊன்றி எழுந்தார். பிறகு வலது கையை உயர்த்தி, பிளாட்பாரத்தில் நின்று ரயிலை அனுப்பிவைக்கிற கார்டு கொடியசைப்பது போல மெல்ல முன்னும் பின்னும் அசைத்தார். போ என்று அர்த்தம். செயலாளரம்மா குழுவின் பக்கம் திரும்பினார். "படகுங்க இருக்கட்டும்" என்றார்.

அன்று மாலையே வேறொரு மனு தயாரானது. விரட்டச் சொல்லி அல்ல. கால்வாயின் இரண்டு கரைக்கும் ஊசி போட ஆள் வேண்டும், படகுகள் நிற்கும் பக்கம் ஒரு நல்ல தண்ணீர்க் குழாய் வேண்டும் என்று. இன்ஸ்டிடியூட்டில் செயலாளரம்மா டைப் அடிக்க, அமைப்புகளின் பெயரை எந்த வரிசையில் போடுவது என்பதில் சண்டை வந்தது. வழக்கமாகக் கோயில் முதலில், யூதர் சங்கம் கடைசி. தர்மகர்த்தா கையெழுத்துப் போட மறுத்துவிட்டதால் முதல் இடம் காலி. தலைவர் மாடிப்படியில் நின்றபடி, "எங்க பேர மொதல்ல போடும்மா" என்றார். "தோடா! நாற்காலில உக்காந்து நொந்தது நானு, மொத பேரு உங்களுதா?" என்று எகிறினார் கிரேன் மாமா. முதியவர் அசையவில்லை. "கல்லு வர்றதா இருந்தா எங்க ஜன்னலுக்கே வரட்டும்பா. நாங்க பழகினவங்க." பட்டியலில் முதல் பெயராக அந்தச் சின்னச் சங்கத்தின் பெயர் விழுந்தது. அதை அடிக்கும்போது செயலாளரம்மா ஓர் எழுத்தைத் தப்பாகத் தட்டிவிட்டு, அதை ரப்பரால் அழித்து மறுபடி அடித்தார். ஒரு தப்புக்கு மறுதாள் என்று எங்களை வாட்டி எடுத்த டீச்சர்!

ஊசி போடுகிறவர்கள் வந்தார்கள். குழாயும் வந்தது. மழை நின்றது, நோயும் மெல்ல அடங்கியது. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று யாரும் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. பொங்கல் கழிந்து தண்ணீர் தணிந்ததும் படகுகள் தாமாகவே கட்டவிழ்த்து வடக்கே போயின, வழக்கம் போல.

இதெல்லாம் நடந்து எட்டொன்பது வருஷம்தான் ஆகிறது. அதற்குள் சங்கம் இல்லை. குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பம்பாய்க்குப் போய் அங்கிருந்து எருசலேம் பக்கம் கப்பலேறின. பத்து ஆண்கள் சேராமல் போன அன்றோடு மாடியில் பிரார்த்தனை நின்றது. செயலாளரம்மாவும் போய்விட்டார், அங்கேயும் ஏதாவது கூட்டத்தில் 'செல்லாது' என்று சொல்லிக்கொண்டுதான் இருப்பார். இன்ஸ்டிடியூட் வேறொருவர் கையில் நடக்கிறது. நான் இன்று நாலைந்து குழுக்களில் இருக்கிறேன். என்னால் சும்மா இருக்க முடியாது என்று முன்பே சொன்னேனே. எல்லாக் குழுக்களிலும் தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறுகின்றன. கைதட்டுகிறார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பொறுக்காது. எழுந்து எதிர்ப்பக்கம் ஏதாவது பேசிவிடுவேன். வம்புக்காரன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன், சந்தோஷமாக.

ஆனால் அந்தச் சங்கத்தைப் பற்றி யாரிடம் பேசினாலும் நான் பெருமையோடு சொல்லி முடிப்பது அந்த ஓட்டெடுப்பை அல்ல, மனுப் போன மறுநாள் காலையைத்தான். தலைவர் சொன்ன கல் வந்தே விட்டது. நான் போனபோது மாடி ஜன்னல் கண்ணாடி நொறுங்கித் தெருவில் கிடந்தது. செயலாளரம்மா துடைப்பத்தோடு வாசலில் நின்றார். தலைவர் படியில் உட்கார்ந்து, எதிர்பார்த்த விருந்தாளி வந்துவிட்டுப் போன மாதிரி அமைதியாக இருந்தார். அப்போது தெருமுனையிலிருந்து தர்மகர்த்தா வந்தார். நெற்றியில் விபூதி, பின்னால் ஒரு தச்சர், தச்சர் கக்கத்தில் காகிதம் சுற்றிய கண்ணாடி. கூட்டம் கூடிவிட்டது. அவர் யாரையும் பார்க்காமல் நேரே தலைவரிடம் போனார்.

"பெரியவரே, உங்களுக்கு எதிரா ஓட்டுப் போட்டவன் நானு. நாளைக்கிக் கூட்டம் வெச்சாலும் அப்பிடித்தான் போடுவேன்" என்றார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, கல்லெறிந்தவன் அந்தக் கும்பலிலேயே நிற்கிறான் என்று தெரிந்தே, குரலை உயர்த்தினார். "கல்லு போட்டவன் நான் இல்ல. அந்த ஆளு என் கட்சியும் இல்ல."

தச்சரிடமிருந்து கண்ணாடியைத் தானே வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.